வாதநாராயணன் தழையை ஆய்வகத்துக்குக் கொண்டு போகிறவர்களுக்கு: வலி, வீக்கச் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

மூட்டு வீங்கினால் வாதநாராயணன் தழையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, உடம்புவலிக்கு நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பது, கைகால் குடைச்சலுக்கு முடக்கத்தான் தோசை சுடுவது என்று கொங்கு நாட்டில் வலிக்கு வைத்தியம் வேலியோரத்திலேயே இருக்கிறது. எம்.பார்ம்., சித்த மருத்துவ மேற்படிப்பு, உயிர்வேதியியல் படிக்கிற பலரும் இப்படி ஒரு தழையை எடுத்து, அதற்கு உண்மையிலேயே வலியும் வீக்கமும் குறைகிறதா என்று சோதிப்பதையே ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொள்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும், எந்தத் தாளுக்குப் பிறகு எந்தத் தாள் என்பதை யாரும் வரிசையாகச் சொல்லித் தருவதில்லை. நானும் துண்டு துண்டாகக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு வாதநாராயணனையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் செடி வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

1. செடியை அல்ல, கேள்வியை முடிவு செய்யுங்கள்

முதலில் ஊருக்குப் போய்க் கேளுங்கள். "ஏனுங் அம்மிச்சி, இந்தத் தழையை எப்படிங்க வைப்பீங்க?" என்று கேட்டால், எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, தண்ணீரில் வேகவைத்தா எண்ணெயில் வதக்கியா, உள்ளுக்கா வெளிப்பூச்சா, எத்தனை நாள் என்று எல்லாம் சொல்வார்கள். சொன்னதைத் தேதி, ஊர் பெயரோடு எழுதி வையுங்கள். எழுதிக்கொள்ளலாமா என்று அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான தீசிஸ்கள் இங்கேதான் தடம் மாறுகின்றன. ஊரில் தண்ணீரில் வேகவைத்துக் குடிக்கிறார்கள். ஆய்வில் மெத்தனால் என்ற கரைப்பானில் சாரம் எடுக்கிறார்கள். ஊரில் வெளியே கட்டுகிறார்கள். ஆய்வில் எலிக்கு வாய்வழி கொடுக்கிறார்கள். அப்படிச் செய்வது தவறில்லை. ஆனால் அதன் முடிவை வைத்து "பாரம்பரியப் பயன்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று எழுத முடியாது. குறைந்தது ஒரு சாரமாவது ஊர் முறைக்கு ஒட்டியதாக இருக்கட்டும். வெளிப்பூச்சுதான் பழக்கம் என்றால், வீங்கிய பாதத்தில் பூசிப் பார்க்கும் முறையும் எலியின் காதில் அழற்சி உண்டாக்கிப் பார்க்கும் முறையும் இருக்கின்றன.

வாதநாராயணன், நொச்சி, பிரண்டை, முடக்கத்தான் எல்லாவற்றிலும் ஏற்கெனவே வீக்கச் சோதனைகள் வெளிவந்திருக்கின்றன. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்தப் பாகம், எந்தச் சாரம், எந்த மாதிரிச் சோதனை இன்னும் செய்யப்படவில்லை என்று ஒரு அட்டவணை போட்டால் உங்கள் இடம் தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் தொடாமல் இருக்க வேண்டிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மூலனூர், தாராபுரம் பக்கம் பயிராகிற கண்வலிக்கிழங்கில் கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கீல்வாத மருந்தாக அது பயன்படுவது உண்மைதான், ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் உயிருக்கு ஆபத்து. எருக்கம்பால் தானே வீக்கத்தை உண்டாக்கும். கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். முதல் ஆய்வுக்கு இவை வேண்டாம்.

2. கமிட்டி கூடும் தேதியைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்

எலியில் சோதனை செய்ய வேண்டுமென்றால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின், அதாவது ஐ.ஏ.இ.சி.யின் அனுமதி வேண்டும். இந்தக் குழு நினைத்தபோதெல்லாம் கூடாது. பல கல்லூரிகளில் வருடத்துக்கு இரண்டு முறைதான். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ. நியமித்த பிரதிநிதி வந்தால்தான் கூட்டம் செல்லும். அவருடைய தேதி கிடைப்பதைப் பொறுத்தே எல்லாம்.

ஆகவே தலைப்பு முடிவான வாரமே விலங்குக்கூடப் பொறுப்பாளரிடம் போய் அடுத்த கூட்டம் எப்போது, விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு முன் செடியின் அடையாளச் சான்று கையில் இருக்க வேண்டும். முதற்கட்ட ஆய்வக முடிவுகளும் இருந்தால் நல்லது. ஒரு கூட்டம் தவறினால் ஆறு மாதம் போய்விடலாம். ஒரு வருட ஆய்வில் ஆறு மாதம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்து எலிகள் வெளியூரிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். சித்திரை வெயிலில் வண்டியில் வந்தால் வரும்போதே துவண்டுவிடும். விலங்குக்கூடத்தில் வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், ஏ.சி.க்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். முடிந்தால் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் விலங்குச் சோதனைகளை முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது, எலிகளுக்கும்.

3. அரைப்பதற்கு முன் அடையாளச் சான்று

இந்தப் படியைத்தான் கொட்டை எழுத்தில் போட வேண்டும். தழையைக் காயவைத்து அரைத்த பிறகு "இது இந்தச் செடிதான்" என்று எந்தத் தாவரவியலாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நமக்கு ஒரு வசதி: பி.எஸ்.ஐ. என்று சொல்லப்படும் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையம் கோவையிலேயே, வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். கொண்டு போக வேண்டியவை:

- பூவோ காயோ உள்ள கிளை, ஒன்றுக்கு இரண்டாக. வெறும் இலை போதாது.
- துறைத்தலைவர் கையெழுத்திட்ட கல்லூரிக் கடிதம்.
- சேகரித்த இடம், தேதி, சேகரித்தவர் பெயர், ஊர்ப்பெயர், மரமா செடியா கொடியா, பூவின் நிறம் ஆகிய குறிப்புகள். பூவின் நிறத்தைப் பறித்தவுடனே எழுதுங்கள், காய்ந்தால் மாறிவிடும்.
- கட்டணம். மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கட்டும் முறையைப் போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளையைத் தினசரித் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தி, தாளை தினமும் மாற்றி உலர்த்தி, 42-க்கு 28 செ.மீ. அட்டையில் ஒட்டினால் ஹெர்பேரியம் தாள், அதாவது உலர்தாவர மாதிரி, தயார். ஒன்றை உங்கள் துறையிலும் வைத்து எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் எந்த நல்ல ஆய்விதழும் கட்டுரையை எடுக்காது.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு இந்த வலிச் செடிகளே சாட்சி. வாதமடக்கி என்று கேட்டால் ஒரு ஊரில் வாதநாராயணனைக் காட்டுவார்கள், இன்னொரு ஊரில் தழுதாழையைக் காட்டுவார்கள். முன்னது டெலோனிக்ஸ் எலாட்டா என்ற மரம், பின்னது கிளிரோடெண்ட்ரம் பேரினத்துப் புதர். நொச்சி என்பது வைடெக்ஸ் நெகுண்டோ. கருநொச்சி என்பதோ ஜஸ்டிசியா ஜெண்டருசா, ஆடாதோடைக்கு உறவு. வாதநாராயணனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாலையோரம் சிவப்பாகப் பூக்கும் செம்மயிற்கொன்றை (குல்மோகர்) அதன் நெருங்கிய சொந்தம், இலையும் ஒரே சாயல். பூ வந்தால் குழப்பமில்லை: வாதநாராயணன் பூ வெளுப்பாக மலர்ந்து மஞ்சளாக மாறும், மகரந்தக் காம்புகள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பூக்கும் காலத்தில் மரத்தை அடையாளம் கண்டு, அதே மரத்தில் தழை பறியுங்கள்.

எங்கே பறிப்பது? தோட்டத்து வரப்பு, வீட்டுக் கொல்லை, கிளுவை வேலி ஓரம் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். வெள்ளியங்கிரி, ஆனைமலை, சத்தியமங்கலம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கிளை ஒடிப்பதும் குற்றம், அந்த அனுமதிக்கு நாளாகும். திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரைகளில் பறிக்கவே வேண்டாம். சாயக்கழிவு பல வருடம் ஓடிய மண் அது. நெடுஞ்சாலை ஓரமும், மருந்தடித்த மஞ்சள் வயல் வரப்பும் அப்படித்தான்.

இந்திய மாணவர் இந்தியாவிலேயே செய்யும் படிப்பு ஆய்வுக்குப் பல்லுயிர்ச் சட்டம் பெரிய தடை போடாது. ஆனால் மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தாலும், காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தாலும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முதலிலேயே கைடோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

4. எவ்வளவு தழை வேண்டும்: கணக்குப் போட்டுவிட்டுப் பறியுங்கள்

பாதிச் சோதனையில் சாரம் தீர்ந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மறுபடி பறித்தால் அது வேறு பருவத் தழை, வேறு சாரம். இரண்டையும் ஒரே ஆய்வில் சேர்க்க முடியாது. அதனால் இந்தக் கணக்கை இப்போதே போடுங்கள்.

எலி ஒன்று 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 6 எலி. கிலோவுக்கு 200 மி.கி., 400 மி.கி. என்று இரண்டு அளவுகள் பார்த்தால், ஒரு முறை கொடுக்க 240 மி.கி.யும் 480 மி.கி.யும் சேர்ந்து 720 மி.கி. சாரம் வேண்டும். நச்சுச் சோதனையில் கிலோவுக்கு 2000 மி.கி. வீதம் 6 எலிக்கு 2.4 கிராம். 25 கிராம் சுண்டெலியில் இரண்டு வலிச் சோதனைகளுக்கும் சேர்த்து 180 மி.கி. ஆக ஒருநாள் சோதனைகள் எல்லாம் சேர்ந்தும் மூன்றரைக் கிராமைத் தாண்டாது.

நாள்கணக்கில் தினமும் கொடுக்கும் சோதனைகளில்தான் சாரம் கரையும். தோலுக்கடியில் பஞ்சு உருண்டை வைத்துப் பார்க்கும் 7 நாள் வீக்கச் சோதனைக்கு 5 கிராம். 28 நாள் மூட்டழற்சிச் சோதனைக்கு 20 கிராமுக்கு மேல், ஏனென்றால் நடுவில் எலியும் எடை கூடும். சிந்தியது, ஒட்டியது, ஆய்வகச் சோதனைகள் எல்லாம் சேர்த்து 40 கிராம் சாரம் கையில் இருந்தால் நிம்மதி. நூறு கிராம் பொடிக்கு 5 கிராம் சாரம்தான் வருகிறது என்று குறைத்தே கணக்கிட்டால் 800 கிராம் பொடி, அதற்கு சுமார் 4 கிலோ பச்சைத்தழை. காம்பு, பழுத்த இலை கழித்தபின் 4 கிலோ.

5. காயவைப்பதும் சாரம் எடுப்பதும்

நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தழை சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் புழுதியும் சேர்ந்து வரும், மெல்லிய துணி போட்டு மூடுங்கள். ஐப்பசி அடைமழையில் பறித்தால் பூஞ்சை பிடிக்கும், அப்படிப்பட்ட தழையைக் கழித்துவிட வேண்டியதுதான். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் ஒன்றிரண்டாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். மாவாக அரைத்தால், சாரம் இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் கரைப்பான் இறங்காமல் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர்ச் சாரத்துக்கு ஊர் முறையில் கொதிக்கவைத்து வடிகட்டி உலர்த்தலாம். அதை முழுதாக உலர்த்துவதுதான் கஷ்டம். ஈரம் இருந்தால் பிசுபிசுவென்று இருந்து சில நாளில் புளித்துவிடும். உறையவைத்து உலர்த்தும் லையோபிலைசர் வசதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கல்லூரிகளில் கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். எத்தனால் சாரத்துக்கு ஸ்பிரிட் வேண்டும். ஆல்கஹால் கடையில் போய் வாங்கும் பொருள் இல்லை, மதுவிலக்கு ஆயத்தீர்வை உரிமம் உள்ள கல்லூரி ஸ்டோர் மூலமாகத்தான் வரும். ஸ்டோரில் இருப்பு தீர்ந்தால் அடுத்தது வர நாளாகும் என்பதால் முதல் மாதமே இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போட்டுவிடுங்கள்.

கரைப்பானை ரோட்டரி எவாப்பரேட்டரில் 40–50 டிகிரியில் ஓட்டி எடுத்து, எடை நிற்கும் வரை உலர்த்தி, விழுக்காட்டைக் குறித்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். சாரத்தில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. 'கைரேகை' ஒன்று எடுத்துவிட்டால், நாளைக்கு யாராவது இதே ஆய்வைத் திரும்பச் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

6. விலங்கில்லாத சோதனைகள்: ஒரு வாரம் போதும், ஆனால் கவனம்

கமிட்டித் தேதிக்குக் காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை இவை. முட்டை ஆல்புமின் வெப்பத்தில் திரள்வதைச் சாரம் தடுக்கிறதா என்று பார்ப்பது மிக மலிவு. நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குப் புது முட்டைக்குப் பஞ்சமே இல்லை. 0.2 மி.லி. ஆல்புமின், 2.8 மி.லி. பி.எச். 6.4 பாஸ்பேட் கரைசல், 2 மி.லி. சாரக் கரைசல், 37 டிகிரியில் 15 நிமிடம், 70 டிகிரியில் 5 நிமிடம், ஆறியதும் 660 நானோமீட்டரில் அளவு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. தழைச் சாரம் கரும்பச்சையாகக் கலங்கி இருக்கும். அந்த நிறமும் கலங்கலும் கருவியின் அளவில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு செறிவுக்கும் ஆல்புமின் இல்லாத சாரத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் வரும் எண் பொய்.

சிவப்பணு உறை நிலைப்பாட்டுச் சோதனைக்கு மனித ரத்தம் எடுப்பதாக இருந்தால் அதற்கு மனித நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். நண்பன் கையை நீட்டினான், ஐந்து மி.லி. எடுத்துக்கொண்டேன் என்று எழுத முடியாது. ரத்தம் கொடுப்பவர் இரண்டு வாரமாக வலி மாத்திரை சாப்பிடாதவராகவும் இருக்க வேண்டும். வீக்கத்தில் பங்குள்ள காக்ஸ்-2 நொதியைச் சாரம் தடுக்கிறதா என்று பார்க்கும் கிட்டுகள் நல்ல தகவல் தரும்; விலை பல்லாயிரம் ரூபாய், இறக்குமதி, குளிர்ப்பெட்டியில் வர வேண்டும். நிதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தச் சோதனைகளில் நல்ல எண் வந்தால் அடுத்த படிக்குப் போகக் காரணம் கிடைத்தது என்று அர்த்தம். வலி குறையும் என்று அதற்கு அர்த்தமில்லை. எதுவுமே வராவிட்டால் எலிகளைத் தொடாமல் நிறுத்திக்கொள்ளலாமா என்று கைடிடம் பேசுங்கள். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

7. ஐ.ஏ.இ.சி. விண்ணப்பம்

படிவம் 'பி' என்பதுதான் விண்ணப்பம். பழைய தீசிஸ்களில் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று இருக்கும், அதே குழுதான் இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. பழைய மாதிரியைப் பார்த்து எழுதாமல் இப்போதைய படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். குழுவில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன அறிவியலாளர், அறிவியல் சாராத சமூக உறுப்பினர் எல்லாரும் இருப்பார்கள். அதனால் எளிய சொற்களில் பதில் சொல்லப் பழகுங்கள்.

அவர்கள் நிச்சயம் கேட்கும் கேள்விகள் நான்கு. ஏன் விலங்கு, வேறு வழி இல்லையா? ஏன் இத்தனை? வலியை எப்படிக் குறைப்பீர்கள்? முடிந்தபின் விலங்கை என்ன செய்வீர்கள்?

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு: மொத்த விலங்கிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10-க்கும் 20-க்கும் நடுவில் வர வேண்டும். 4 குழு (கட்டுப்பாடு, ஒப்பீட்டு மருந்து, சாரத்தின் இரண்டு அளவுகள்), குழுவுக்கு 6 என்றால் 24-இல் 4 போக 20, சரியாக இருக்கிறது. வீக்கச் சோதனைக்கு 24 எலி, இரண்டு வலிச் சோதனைகளுக்கு 48 சுண்டெலி, நச்சுச் சோதனைக்கு 6 எலி என்று தனித்தனியாகக் காட்டுங்கள், நாள்கணக்குச் சோதனைகள் வைத்தால் அவற்றுக்கும் தனியே. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது. ஆகவே எந்தச் சோதனையையும் "பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள்.

அனுமதிக் கடிதமும் எண்ணும் கைக்கு வந்த பிறகே வளர்ப்பகத்துக்கு ஆர்டர். பதிவு பெற்ற வளர்ப்பகமாக இருக்க வேண்டும், ரசீது வேண்டும். வந்த எலிகள் குறைந்தது ஒரு வாரம் புது இடத்துக்குப் பழகட்டும். ஒவ்வொரு விலங்குக்கும் என்ன நடந்தது என்று படிவம் 'டி' பதிவேட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

8. சோதனைகள்

முதலில் நச்சு. ஓ.இ.சி.டி. 423 என்ற சர்வதேச வழிகாட்டு முறையில் மூன்று பெண் எலிகளுக்கு ஒரு அளவு கொடுத்து, முதல் அரைமணி, நான்கு மணி, ஒரு நாள், அப்புறம் 14 நாள் வரை பார்க்க வேண்டும். உயிரிழப்பு இல்லையென்றால் அதே அளவில் இன்னும் மூன்று. 2000 மி.கி.யிலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதில் பத்தில் ஒன்றும் ஐந்தில் ஒன்றுமாக 200, 400 மி.கி. எடுப்பது வழக்கம். வாதநாராயணன் தழை வயிற்றைக் கழியவைக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் செத்ததா பிழைத்ததா என்பதோடு நிறுத்தாமல் சாணம் இளகியதா, எடை குறைந்ததா என்றும் எழுதுங்கள்.

வீக்கத்துக்குக் காராஜினன் பாதச் சோதனை. காராஜினன் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும், ஊசியில் போட்டால் வீக்கத்தை உண்டாக்கும் பொருள். 1% கரைசலில் 0.1 மி.லி.யை எலியின் பின்னங்கால் பாதத்தின் அடித்தோலுக்குக் கீழே போடுவார்கள். சாரத்தை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். பாதத்தின் பருமனைப் பிளெதிஸ்மோமீட்டர் என்ற கருவியில் நனைத்து 0, 1, 2, 3, 4, 5 மணி நேரத்தில் அளக்கிறோம். முதல் ஒன்றிரண்டு மணி நேர வீக்கம் உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின், செரடோனின் என்ற பொருள்களால் வருவது. மூன்றாம் மணிக்கு மேல் வருவது பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு பொருளால். டைக்ளோஃபெனாக் வகை மருந்து பின்பகுதியில்தான் நன்றாக வேலை செய்யும். உங்கள் சாரம் எந்த மணியில் வேலை செய்கிறது என்பது அதன் வழியைப் பற்றிச் சொல்லும் முதல் தடயம். அதனால் மூன்றாம் மணியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை:

- காராஜினனில் லாம்டா வகை வாங்குங்கள். ஐஸ்கிரீமில் போடும் கப்பா வகை ஜெல்லாக இறுகும், ஊசியில் இறங்காது.
- கணுக்காலில் மார்க்கரால் கோடு போட்டு, எல்லா மணியிலும் அதே கோடுவரை நனையுங்கள். அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.
- எது எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. கூண்டு எண்ணை நண்பர் ஒருவர் வைத்துக்கொண்டால் போதும். செலவே இல்லாத ஏற்பாடு, ஆனால் முடிவின் நம்பகம் இதில்தான் இருக்கிறது.
- ஒப்பீட்டு மருந்தை மாத்திரையாக இடித்துப் போடாமல், பகுப்பாய்வுச் சான்றோடு தூய பொடியாக வாங்குங்கள். மருந்து கம்பெனிக்குக் கல்லூரிக் கடிதம் எழுதினால் இலவச மாதிரியே தருவதுண்டு.
- சாரத்தைக் கரைத்த 0.5% சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலை மட்டும் கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுங்கள்.

வலிக்கு வழக்கமாக இரண்டு சோதனைகள். சுண்டெலியின் வயிற்றறைக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலம் போட்டு, அது வயிற்றை முறுக்கும் எண்ணிக்கையை எண்ணுவது ஒன்று. 55 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்து, பாதத்தை நக்கவோ குதிக்கவோ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது மற்றொன்று. 15 விநாடி ஆனதும் எதுவும் செய்யாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். பாதம் புண்ணாகக் கூடாது.

இரண்டும் வேண்டும், ஏனென்றால் முறுக்கல் சோதனை எளிதில் ஏமாற்றும். தூக்கம் வரவைக்கும் பொருளும், தசையைத் தளர்த்தும் பொருளும்கூட முறுக்கலைக் குறைத்துக் காட்டும். அதனால் ரோட்டாராடு என்ற சுழலும் தண்டில் எலி நிற்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். சூட்டுத் தட்டு மூளை, தண்டுவட வழியாக வேலை செய்யும் மருந்துகளைக் காட்டும். டைக்ளோஃபெனாக் அதில் பெரிதாக ஒன்றும் காட்டாது. ஒப்பீட்டுக்கு பென்டசோசின், டிரமடால், மார்ஃபின் போன்றவைதான் வேண்டும். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இவை எல்லாமே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. டிரமடால் 2018-இல் சேர்க்கப்பட்டது. நெறிமுறைக் குழு அனுமதி இருந்தாலும் மருந்தை வாங்கும் அதிகாரம் அதனால் வந்துவிடாது. உங்கள் நிறுவனத்துக்கு உரிமமும் இருப்புப் பதிவேடும் இருக்கிறதா என்று விண்ணப்பம் எழுதும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால், பாதத்தில் நீர்த்த ஃபார்மலின் போட்டு அதை நக்கும் நேரத்தைப் பார்க்கும் ஃபார்மலின் சோதனையைத் திட்டத்தில் வைக்கலாம். அதில் முதல் 5 நிமிட வலி நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால் வருவது, 15 முதல் 30 நிமிடம் வரை வருவது அழற்சியால். சாதாரண வலி மருந்து பின்பகுதியைக் குறைக்கும்.

ஒரு சுண்டெலியை ஒரு வலிச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முடிந்ததும் நிறுவனத்தின் கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படிதான் எல்லாம். அவை நம் கேள்விக்காக வலியைத் தாங்குகின்றன. கவனக்குறைவால் ஒரு குழுவைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் அந்தக் கணக்கு அவற்றின் மேல்தான் விழுகிறது.

9. செலவு

பணம் எங்கே போகிறது என்று முன்பே தெரிந்தால் கடைசி மாதத்தில் தடுமாற வேண்டாம். தழைக்கும் முட்டைக்கும் ஒன்றுமில்லை. பெரிய செலவு விலங்குகள்தான்: எலி ஒன்று சில நூறு ரூபாய், அதோடு வண்டி வாடகை, தீவனம், உமிப் படுக்கை. நண்பர்களோடு சேர்ந்து ஒரே வண்டியில் வரவழைத்தால் வாடகை பங்காகும். அடுத்தது சாரத்தில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று பார்க்க வெளி ஆய்வகங்களில் செய்யும் ஜி.சி.எம்.எஸ்., எச்.பி.டி.எல்.சி. போன்றவை, மாதிரி ஒன்றுக்கு ஆயிரங்களில் வரும், அதன்மேல் ஜி.எஸ்.டி. தனி. விலைப்பட்டியல் வாங்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். ஜி.சி.எம்.எஸ். அறிக்கையில் வரும் நீண்ட பெயர்ப்பட்டியலை அப்படியே தீசிஸில் ஒட்டுவதற்காக மட்டும் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் இன்னொரு அளவுக் குழு வைத்தால் ஆய்வு வலுப்படும். அதையும் முன்பே அனுமதியில் கேட்டிருக்க வேண்டும்.

10. கணக்கும் எழுத்தும்

வீக்கத் தடுப்பு விழுக்காடு: கட்டுப்பாட்டுக் குழுவின் வீக்க உயர்விலிருந்து மருந்துக் குழுவின் உயர்வைக் கழித்து, கட்டுப்பாட்டு உயர்வால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். பாதத்தின் முழுப் பருமனைப் போடாமல் உயர்வைப் போட வேண்டும். குழுக்களை ஒப்பிட அனோவா, அப்புறம் டன்னெட் என்ற புள்ளியியல் சோதனைகள். இரண்டிரண்டாக டி-டெஸ்ட் போட்டுக்கொண்டே போனால் தற்செயலாகவே ஏதாவது ஒன்று "குறிப்பிடத்தக்கது" என்று வந்துவிடும்.

வேலை செய்யாத அளவையும், வேலை செய்யாத மணியையும் மறைக்காமல் எழுதுங்கள். கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்தும் டைக்ளோஃபெனாக் 10 மி.கி.யில் பாதிதான் வந்தது என்றால், அப்படியே எழுதுங்கள். அடுத்து இந்தத் தழையை எடுக்கும் மாணவருக்கு அந்த வரி எத்தனையோ மாதத்தை மிச்சப்படுத்தும்.

தீசிஸ் பிற்சேர்க்கையில் அடையாளச் சான்று, ஹெர்பேரியம் எண், ஐ.ஏ.இ.சி. அனுமதிக் கடிதம், விலங்கு வாங்கிய ரசீது, ஒப்பீட்டு மருந்தின் சான்று இவ்வளவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். மீதிச் சாரத்தையும் பொடியையும் கட்டுரை அச்சேறும் வரை கொட்டிவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் இன்னொரு சோதனை கேட்டால் அந்தப் பொட்டலம்தான் கைகொடுக்கும்.

எலியில் நல்ல முடிவு வந்ததும் வீட்டிலும் ஊரிலும் "எனக்குக் கொஞ்சம் கொடு கண்ணு" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கரைப்பானில் எடுத்த சாரம் ஊரில் வைக்கும் தழை இல்லை, கரைப்பானின் எச்சம் அதில் இருக்கலாம். மனிதரில் பார்ப்பதென்றால் மனித நெறிமுறைக் குழு அனுமதியும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் வேண்டும். எண்ணெயாகவோ தைலமாகவோ விற்பதென்றால் சித்த மருந்து தயாரிப்பு உரிமம் வேண்டும். யாராவது பணத்தோடு வந்து சீக்கிரம் போட்டுவிடலாம் என்று சொன்னால், இவற்றில் எது கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.